நல்ல நாளுக்குக் காத்திருந்த ஹார்ட் டிஸ்க்

ஒரு மனிதன் இந்த மண்ணில்தான் பிறந்தான் என்பதற்கான சாட்சி, கிலோ முப்பது காசு. பழைய பேப்பர்க் கடைச் சீனர் நாற்பது சொன்னார், நான் இருபது கேட்டேன், நடுவில் சந்தித்துக்கொண்டோம். பாலிங் போகிற வழியில், பதினோராவது மைலில் இருந்த பதினோராம் கட்டை ரப்பர்த் தோட்டம் கைமாறி, ஆபீஸைக் காலி செய்தபோது அவர் லாரியில் அள்ளி வந்த பதிவேடுகள் அவை. 1949-லிருந்து 1974 வரை, ஆண்டுக்கு ஒன்றாக இருபத்தாறு கட்டு. அறுபத்திரண்டு கிலோ. கரப்பான் பூச்சிகளையும் சேர்த்தா நிறுக்கிறீர்கள் என்று கேட்டு இரண்டு கிலோ கழித்தேன்.

ஒவ்வொரு கட்டிலும் இரண்டு சங்கதிகள் இருந்தன. ஒன்று செக்ரோல்: எந்த ஆள் எந்த நாள் வேலைக்கு வந்தார் என்று தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி எழுதிய கணக்கு. மற்றொன்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த டிரசர் எழுதிய பிறப்புப் புத்தகம்: இன்ன தேதி, இன்ன நம்பர் ஆளின் மனைவி, ஆண் அல்லது பெண், எத்தனை பவுண்டு. அந்தக் காலத்தில் பிள்ளை பிறந்ததைப் பதிய டவுனுக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். பல பேர் போகவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாததால் அறுபது வயதாகியும் சிலர் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. இங்கே வாழலாம், சாகலாம். இந்த நாட்டுக்காரர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. நீல அட்டை வேண்டுமென்றால் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். காட்டுவதற்கு இருப்பதோ டிரசர் கிறுக்கிய ஒரே ஒரு வரி.

நான் புண்ணியத்துக்காக அதை வாங்கவில்லை. என் அப்பா பீடோங்கில் சில்லறைக் கடை வைத்திருந்தவர். எங்கள் வீட்டில் புண்ணியம் என்பது கடைசி ராத்தலில் கொசுறாகப் போடும் நாலு காய்ந்த மிளகாய். பக்கத்துக்கு இருபது வெள்ளி என்று விற்கலாம் என்றுதான் கணக்குப் போட்டேன். முதலில் வந்தவரிடம் வாங்கவும் செய்தேன். இரண்டாவதாக வந்த அம்மாள் விலையைக் கேட்டதும் பேரம் பேசாமல் பர்ஸைத் திறந்தார். பேரம் பேசாதவரிடம் எப்படிக் காசு வாங்குவது என்று எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அத்தோடு அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. மொத்தம் 9,308 பக்கங்கள். அசல் கட்டுகளைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் வைத்தோம். அடுத்த ஆண்டு வெள்ளம் வந்து அவற்றைக் கஞ்சியாக்கிவிட்டுப் போனது. மிச்சம் இருந்தது சுங்கை லாலாங்கில் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே உறுமிக்கொண்டிருந்த சர்வர் ஒன்றுதான்.

நான் சுங்கை பட்டாணியில் பழைய கம்ப்யூட்டரும் கேமராவும் விற்று, மாட்டி, பழுது பார்ப்பவன். புவனேஸ்வரன் என்று போர்டில் இருக்கும். அந்தச் சர்வர் ஒரு தொழிற்சாலை ஏலத்தில் எடுத்தது. கடை பில், பதினொரு வாடிக்கையாளர்களின் கேமராப் பதிவு, வீட்டு இன்டர்நெட், எல்லாம் அதன் தலையில். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் இருக்கும். ஒன்று செத்தால் மற்றொன்று தாங்கும். ஒன்பது வருஷம் ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடியது.

வாடிக்கையாளர்களிடம் நான் எப்போதும் சொல்வது: மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். எனக்கு? மாதா மாதம் வாடகை கட்டி அடுத்தவன் கிடங்கில் என் சரக்கை வைக்க மனம் வரவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பது சும்மா வந்த பழமொழி இல்லை.

செப்டம்பர் முதல் வாரத்தில் சர்வர் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. இரண்டில் ஒரு டிஸ்க் செத்துவிட்டது. அன்றைக்கே புதிது வாங்கி மாட்டியிருந்தால் இந்தக் கதை இல்லை. நான் பினாங்கில் ஒரு மொத்த வியாபாரியிடம் ஜோடி விலை கேட்டேன். நாற்பது வெள்ளி குறைக்கச் சொல்லி ஒரு வாரம் இழுத்தேன். அவன் முப்பத்தைந்து குறைத்தான். டிஸ்க் வந்து சேர்ந்தபோது நவராத்திரிக்குப் பத்து நாள் இருந்தது. தொழிலுக்கு வாங்கிய புதுச் சாமானை விஜயதசமி அன்று தொடங்குவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அப்பா புதுத் தராசு வாங்கினாலும் பெட்டியைப் பிரிக்காமல் காத்திருப்பார். அதனால் இரண்டு டிஸ்க்கையும் பெட்டியோடு சாமி அறையில் வைத்தேன். கத்திக்கொண்டிருந்த மணியை மட்டும் அணைத்துவிட்டேன்.

ஆயுத பூஜை புதன்கிழமை. கடையிலிருந்து ஸ்க்ரூடிரைவர், டிரில், ஏணி, மீட்டர் எல்லாம் துடைத்துக் கொண்டுவந்து பொட்டு வைத்துப் படையல் முன்னால் அடுக்கியாயிற்று. அன்றைக்கு எந்த ஆயுதமும் வேலை செய்யக் கூடாது. மாடிப்படிக்குக் கீழே மட்டும் உறுமல் கேட்டது. ஒவ்வொரு வருஷமும் ஓடுகிற நிலையிலேயே அதற்குப் பொட்டு வைப்பேன்.

என் மனைவி சாந்தினி கற்பூரத் தட்டோடு நின்றாள். "ஏணியே படுத்துத் தூங்குது. இது மட்டும் என்ன, ஓவர்டைமா?"

"இதை நிறுத்தக் கூடாது சாந்தினி."

"ஒம்போது வருஷமா நிறுத்தாமத்தான் பொட்டு வச்சீங்க. வியாபாரம் எப்படி இருக்கு, சொல்லுங்க."

வியாபாரம் எப்படி இருந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்த்து, பத்தே முக்காலுக்கு நானே உட்கார்ந்து, நிறுத்தச் சொல்லும் கட்டளையைத் தட்டினேன். விசிறி மெதுவாக அடங்கியது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. நன்றாகத்தான் இருந்தது.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு ஆள்காட்டி விரலில் சந்தனம் தொட்டுப் புது டிஸ்க் ஒன்றை மாட்டிச் சர்வரைப் போட்டேன். விசிறி சுற்றியது. பழைய டிஸ்க் சுற்றவில்லை. ஒரு சின்ன முனகல், அப்புறம் ஒன்றுமில்லை. அணைத்துப் போட்டேன். முனகல், ஒன்றுமில்லை. மூன்றாம் முறை போடத் தைரியம் வரவில்லை.

பக்கங்கள் மொத்தமும் போனதா என்பதைவிட, இன்னும் அரை மணியில் வாசலுக்கு வரப்போகிற ஆளைப் பற்றித்தான் நினைத்தேன்.

சின்னையா அண்ணன் ஒன்பதரைக்கு வந்தார். ஐம்பத்தெட்டு வயது. பதினோராம் கட்டையில் கித்தா எனும் ரப்பர் மரம் சீவி, பிறகு தொழிற்சாலை வாசலில் ஜாகாவாகக் காவல் வேலை பார்ப்பவர். சிவப்பு அட்டைக்காரர். தேய்த்த பூப்போட்ட பாத்தேக் சட்டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். அவருடைய பக்கத்தை ஆகஸ்டிலேயே கண்டுபிடித்துவிட்டோம்: 1967-ஆம் ஆண்டுக் கட்டு, எண்பத்தெட்டாவது பக்கம், தாய் பிச்சையம்மாள். அன்றைக்கே அச்சடித்துக் கொடுத்திருக்கலாம். பிரிண்டரில் கலர் மை தீர்ந்திருந்தது. நீல அட்டைக்கான நேர்காணல் தேதி வரட்டும், நல்ல தாளில் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவர் போனில் திரையைப் படம் பிடித்துக்கொண்டார். அதில் டிரசர் எழுத்தைவிட என் வீட்டு மின்விசிறிதான் தெளிவாக விழுந்திருந்தது.

தேதி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி, அலோர் ஸ்டார் பதிவு ஆபீஸ். நம் மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. அவருடைய வக்கீல் ரூபினி சொல்லியிருந்தது இது: கட்டின் முதல் பக்கம், அவருடைய பக்கம், டிரசர் கையெழுத்திட்ட கடைசிப் பக்கம், மூன்றும் வேண்டும், ஸ்கேன் செய்தவன் என்ற முறையில் நான் அவற்றுக்குச் சத்தியக் கடிதம் கொடுக்க வேண்டும், சத்தியம் வாங்குகிறவர் வியாழன் மாலை ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்.

"என்னா தம்பி, மெஷின் இன்னும் சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கா?"

"எழுந்திரிக்க மாட்டேங்குது அண்ணே."

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு செருப்போடு நின்றார். "மாட்டேங்குதுன்னா?"

சொன்னேன். பூஜையையும் சொன்னேன், மூன்று வாரமாகச் சாமி அறையில் இருந்த புது டிஸ்க்கையும் சொன்னேன். கேட்டு முடித்து, மற்றச் செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பட்டர்வொர்த்தில் தினேஸ்வரன் என்று ஒரு தம்பி இருக்கிறான். செத்த டிஸ்க்கிலிருந்து சரக்கு எடுப்பதுதான் அவன் தொழில். போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தேன்.

"எத்தனை வருஷம் நிக்காம ஓடுச்சு?"

"ஒம்போது."

"அப்புறம் ஏண்ணே நிறுத்துனீங்க?"

"ஆயுத பூஜை."

"போன வருஷம் பூஜைக்கு மறுநாள் எங்கிட்ட நாலு டிஸ்க் வந்துச்சு. மூணு நம்ம கடைக்காரங்க. ஒண்ணு கோயில் கமிட்டி." பெருமூச்சு விட்டான். "தட்டு நின்னு ஆறிப்போனா, படிக்கிற ஊசி அதோட ஒட்டிக்கும். மோட்டாருக்கு வயசாச்சு, இழுக்க முடியல. கேஎல் சிட்டில ஒரு லேப் இருக்கு. சுத்தமாத் திறந்து எடுப்பாங்க. மூணு வாரம் ஆகும்."

சின்னையா அண்ணன் போனைப் பார்த்துப் பேசினார். "எனக்கு மூணு நாளுதான் இருக்கு தம்பி."

"தேதியைத் தள்ளிக் கேட்டா என்ன அண்ணே?" என்றேன்.

"கேக்கலாம். இந்தத் தேதி வர நாலு வருஷம் ஆச்சு. அங்க தேதி மாத்திக் குடுப்பாங்க, எனக்கு வயசு மாத்திக் குடுக்க யாரு இருக்கா?"

தினேஸ்வரன் தொண்டையைச் செருமினான். "ஒரு நாட்டு வைத்தியம் இருக்கு. பலிச்சாப் பலிக்கும். டிஸ்க்கைக் கழட்டி லேசா சூடு காட்டுங்க. அப்புறம் கையில பிடிச்சுக்கிட்டு, கரண்டு போற அதே நொடியில, ஊறுகாய் பாட்டில் மூடி திறக்கிற மாதிரி வெடுக்குன்னு ஒரு திருகு. தட்டக் கூடாது. சுத்துச்சுன்னா கையை ஆட்டாம கீழ வச்சிடுங்க, நிறுத்தவே கூடாது. இன்னொண்ணு, முக்கியம். முதல் பக்கத்துலேருந்து கடைசி வரைக்கும் வரிசையாப் புது டிஸ்க்குக்கு எடுங்க. ஒரு பக்கத்தைத் தேடி அங்க இங்க ஓட விட்டீங்கன்னா ஊசி தட்டுல மோதும்."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ஒரு மணி நேரம் தாங்கலாம், ஒரு வாரம் தாங்கலாம். எனக்குச் சாமி வராதுண்ணே."

சாந்தினி தலைமுடி காயவைக்கும் டிரையரைக் கொண்டுவந்தாள். காலையிலிருந்து அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நானும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. யார் முதலில் "உன்னால்தான்" என்பது என்று இருவரும் காத்திருந்தோம். டிஸ்க்கைத் துண்டில் வைத்து அவள் சூடு காட்டினாள், குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி. மேலே காய்ந்துபோன சந்தனப் பொட்டு உதிர்ந்து துண்டில் விழுந்தது. அதை அவள் விரலால் ஒற்றி எடுத்து எங்கே போடுவது என்று தெரியாமல் தன் நெற்றியிலேயே வைத்துக்கொண்டாள்.

"போதும்," என்றான் தினேஸ்வரன், அங்கிருந்தபடியே.

நீளமான வயரில் மாட்டி, டிஸ்க்கை வலது கையில் பிடித்தேன். சின்னையா அண்ணன்தான் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"நான் சொல்றப்போ போடுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு."

அவர் போட்டார், நான் திருகினேன். முனகல். நின்றுவிட்டது. என் மணிக்கட்டில் ஏதோ சுளுக்கியது.

"பயந்து திருகுறீங்க," என்றாள் சாந்தினி.

"பயந்துதான் திருக முடியும்."

இரண்டாம் முறை. மூன்று என்று சொல்வதற்கு முன்பே அவர் சுவிட்சைப் போட்டுவிட்டார். நான் பதறிப்போய்த் திருகினேன். முனகல் நீண்டு, உயர்ந்து, ஒரே சீரான உறுமலாக மாறியது. ஒன்பது வருஷம் என் வீட்டில் கேட்ட அதே சத்தம், ஆனால் கூடவே தொண்டையில் சளி கட்டிய மாதிரி ஒரு கரகரப்பு. மூச்சை அடக்கிக்கொண்டு அதை மேஜையில் வைத்தேன். பத்தே கால் மணி.

கோப்புகளின் பட்டியல் திரையில் விழுந்தது. 1949, 1950, 1951. ஒவ்வொன்றாக.

இப்போதுதான் உண்மையான வேலை. மனதுக்குள் கணக்குப் போட்டேன். கொஞ்சம் எடுத்துப் பார்த்த வேகத்தில் நிமிடத்துக்கு இருபத்து நாலு, இருபத்தைந்து பக்கம் வரும். ஆண்டுக்கு முந்நூற்று ஐம்பத்தெட்டு பக்கம். வரிசையாகப் போனால் 1967-க்குப் போய்ச் சேர நாலரை மணி நேரம்.

"அண்ணே, வரிசையா எடுத்தா மதியம் மூணு மணிக்குள்ள உங்க பக்கம் வந்துடும். அஞ்சு மணிக்கு முன்னாடி சத்தியமும் வாங்கிடலாம். எல்லாருடைய பக்கமும் வரும்."

"வந்துடுமா?"

"ஓடிக்கிட்டே இருந்தா."

"இருக்குமா?"

நான் போனைப் பார்த்தேன், பிறகு டிஸ்க்கைப் பார்த்தேன்.

"நீ என்ன செய்யச் சொல்றே?" என்று கேட்டார். கோபமில்லை. சந்தையில் ஒரு சாமானைப் புரட்டிப் பார்க்கிற குரல்.

"அந்தப் பட்டியல்ல உங்களை மாதிரி எத்தனையோ பேர் இருக்காங்க அண்ணே. யார் யார்னு எனக்கே தெரியாது. தேடி ஓட விட்டா அவங்களுது போயிடலாம்."

அவர் ஃபைலை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "தம்பி, ரேஷன் க்யூ, ஆஸ்பத்திரி க்யூ, பிள்ளைங்க ஸ்கூல் க்யூ, எல்லாத்துலயும் நீல ஐசி அட்டைக்காரன் முன்னாடி போனான், நான் பின்னாடி நின்னேன். அம்பத்தெட்டு வருஷம். மத்தவங்களுக்கு வழி விட்டு விட்டு எனக்குக் கால் வலிக்குதுலா. இன்னிக்கு என்னுதை முதல்ல எடு."

பொய் சொல்லத் தெரியாத குடும்பம் இல்லை என்னுடையது. வரிசைப்படி ஓடவிட்டுவிட்டு, "தேடிக்கிட்டு இருக்கு அண்ணே" என்று மூன்று மணி வரை சொல்லியிருக்கலாம். திரையில் ஓடுவது எதுவும் அவருக்குப் புரியாது. அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. நல்ல பொய், லாபமான பொய். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, டிஸ்க்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் ஆள் பார்க்கிற மாதிரி, தொட்டுவிடக் கூடாது என்று கையை மடியில் கட்டிக்கொண்டு.

1967-ஐத் திறந்தேன்.

கரகரப்பு உடனே கூடியது. முதல் பக்கத்துக்கு நாலு நிமிடம். பாதி வந்து நின்று, டக், டக் என்று அடித்து, மறுபடி நகர்ந்தது. டக் என்று அடிக்கும் ஒவ்வொரு முறையும் சாந்தினி கண்ணை மூடித் திறந்தாள். எண்பத்தெட்டாவது பக்கம் மேலிருந்து ஒரு விரல் அகலம் ஒரு விரல் அகலமாகத் திரையில் இறங்கியது. தலைப்பு. கோடு. முதல் வரி, யாரோ ஒரு பெண் குழந்தை. ஐந்தாவது வரியில் வந்து அப்படியே நின்றுவிட்டது. அவருடையது ஏழாவது வரி.

"நிக்குதே," என்றார்.

"நகரும்."

"நகரலேன்னா?"

"அண்ணே, சும்மா இருங்க."

பதினோரு நிமிடம். நான் டிஸ்க்கைத் தொடவில்லை, சுட்டியைத் தொடவில்லை. பிறகு எதுவுமே நடக்காதது போல மீதிப் பக்கம் ஒரே மூச்சில் இறங்கியது. பிச்சையம்மாள், ஆண், ஐந்து பவுண்டு பத்து அவுன்ஸ். சின்னையா அண்ணன் எழுந்து வந்து திரையருகே குனிந்தார். படித்தாரா என்று தெரியவில்லை. "சின்னப் பிள்ளையாத்தான் பொறந்திருக்கேன்," என்று மட்டும் சொன்னார்.

கடைசிப் பக்கமும் வந்தது. மூன்று பக்கம், இருபத்தைந்து நிமிடம். மணி பத்து நாற்பது. உடனே 1949-க்குத் திரும்பி, வரிசையாக ஓட விட்டேன்.

மூன்றையும் அச்சடித்து, பென்டிரைவிலும் போட்டு, என் காடியில் ஏறி வக்கீலிடம் ஓட்டினோம். டிஸ்க்குக்குக் காவலாகச் சாந்தினி. பூனை வந்தால், மின்னல் அடித்தால், பக்கத்து வீட்டுக்காரர் வந்து இன்டர்நெட் ஏன் இல்லை என்று கேட்டால் எதற்கும் எழுந்திருக்கக் கூடாது என்று சொன்னேன். ரூபினியின் ஆபீஸில் நான் சத்தியம் செய்தேன். இந்தப் பதிவேடுகளை நான் வாங்கினேன், நான் ஸ்கேன் செய்தேன், ஓர் எழுத்தும் மாற்றவில்லை. முழுப் பதிவும் பாதுகாப்பாக உள்ளது என்ற வரியைப் படிக்கும்போது மட்டும் நிறுத்தினேன்.

"அங்கிள், என்ன?" என்றாள் ரூபினி. முப்பது வயதுப் பெண்; கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாள்.

"இந்த வரியை எடுத்துடும்மா."

"பாதுகாப்பா இல்லையா?"

"இப்போதைக்குச் சுத்திக்கிட்டு இருக்கு."

அவள் அந்த வரியை அழித்து மறுபடி அச்சடித்தாள்.

இரண்டு மணிக்கு வீடு வந்தேன். 1961 முடிந்து 1962 ஓடிக்கொண்டிருந்தது. சாந்தினி சாப்பிடாமல் அதே நாற்காலியில் இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். எண்ணிக்கை ஏறுவதைப் பார்ப்பது, மீட்டர் ஓடும் டாக்சியில் உட்கார்ந்திருப்பது போல. ஒரே வித்தியாசம், இதில் ஏற ஏறச் சந்தோஷம். ஐந்தாயிரத்து எண்ணூறைத் தாண்டியதும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்தேன்.

டக், டக், டக். பிறகு தகரத்தில் ஆணியால் கோடு போடுகிற சத்தம். எண்ணிக்கை 5,866-இல் நின்றது. இரண்டு நாற்பது.

"ராகு காலம்," என்றாள் சாந்தினி மெல்ல. வியாழக்கிழமை ஒன்றரை முதல் மூன்று. நேற்று நான் நல்ல நேரம் பார்த்துத்தான் அணைத்தேன் என்பதை அவளுக்கு நினைவூட்டவில்லை.

சூடு காட்டினோம், திருகினோம். மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். வெள்ளிக்கிழமை அதைத் துணியில் சுற்றிப் பட்டர்வொர்த்துக்கு எடுத்துப்போனேன். தினேஸ்வரன் திறந்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினான். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய தட்டில் ஏர் உழுத கோடு.

"கேஎல் லேப்?"

"துட்டை வீணாக்காதீங்கண்ணே. தூளாப் போனதை யாரு படிக்கிறது."

"நான் அந்த மூணு பக்கத்தைத் தேடாம இருந்திருந்தா?"

அவன் மூடியைத் திரும்ப மாட்டினான், தேவையே இல்லாவிட்டாலும் நாலு ஸ்க்ரூவும் போட்டு. "இன்னும் கூட ஓடியிருக்கலாம். அதே நிமிஷத்துலயும் நின்னிருக்கலாம். அதை எங்கிட்ட கேக்காதீங்க."

ஞாயிறு மதியம் சின்னையா அண்ணன் கூப்பிட்டார். மூன்று பக்கத்தையும் வாங்கிக்கொண்டார்களாம். அதிகாரி ஏழாவது வரியின்மேல் ஸ்கேல் வைத்துப் படித்தாராம். கடிதம் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் குரலில் முப்பது வயது குறைந்திருந்தது. மற்றப் பக்கங்கள் என்ன ஆயின என்று கேட்டார். பாதிக்கு மேல் வந்துவிட்டது என்றேன். அதுவும் உண்மைதான்.

திங்கள் காலை, தெரியாத நம்பர்.

"தம்பி, நான் ஜித்ராலேருந்து பேசறேன், பாப்பம்மா. நேத்து ஆபீஸ்ல சின்னையா அண்ணன் பக்கத்துல உக்காந்திருந்தேன். எங்க அப்பாவும் பதினோராங்கட்டைதான். உங்கிட்ட கேட்டா பக்கம் கிடைக்கும்னு அவருதான் நம்பர் குடுத்தாரு. எனக்கு நவம்பர்ல தேதி."

"எந்த வருஷம்க்கா?"

"அறுபத்தாறுனு அம்மா சொல்லும். தைப்பூசத்துக்கு முந்தி. காசு எவ்வளவுன்னு சொன்னீங்கன்னா..."

"காசு வேணாம். பத்து மணிக்குள்ள பாத்துட்டுச் சொல்றேங்க்கா."

பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் உட்கார்ந்து, அப்பா செய்வது போல, தாளின் நடுவில் கோடு இழுத்து எழுதினேன்.

மொத்தம், 9,308 பக்கம்.

வரிசையில் வந்தவை, 1949 முதல் 1965-இன் நூற்று முப்பத்தெட்டாவது பக்கம் வரை, 5,866. சின்னையா அண்ணனுக்காக எடுத்தவை, 3. ஆக வரவு 5,869.

வராதவை, 3,439.

அந்த மூன்று பக்கத்துக்கு ஆன நேரம், இருபத்தைந்து நிமிடம். அதே நேரத்தில் வரிசையாக வந்திருக்கக்கூடியவை, 611. டிஸ்க் அதே இரண்டு நாற்பதுக்குத்தான் நின்றிருக்கும் என்று வைத்துக்கொண்டால், 1966 முழுவதும் அதற்குள் அடக்கம். 1967-இல் முப்பத்து மூன்றாவது பக்கத்தோடு நின்றிருக்கும். எண்பத்தெட்டாவது பக்கத்துக்கு இன்னும் இரண்டு நிமிடம் போதாமல் போயிருக்கும்.

வரவு, ஆள் ஒன்று: சின்னையா.

பற்று, ஆள் ஒன்று: பாப்பம்மா. இன்று பத்து மணிக்குள் திரும்பக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

பெயர் தெரியாதவர்கள், எண்ணிக்கை தெரியாது. அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். பாக்கி நிற்கிறது.